பகலொளியும் ஆலைப்புறமும்: கைத்தொழில் நிலக்காட்சி ஒளிப்படங்களின் வரலாறு

வரலாறு எழுதுவோன் கைக்கொள்ளும் சான்றுகள் பலவகைப்படும். கல்வெட்டும் செப்பேடும், நாணயமும் நாட்குறிப்பும், அரசாங்க அறிக்கையும் நீதிமன்றப் பதிவும் அவற்றுட் சில. நூற்றெண்பது ஆண்டுகட்கு மேலாக அவற்றோடு ஒளிப்படமும் சேர்ந்துள்ளது. ஏனைய சான்றுகளை ஐயுற்று ஆராயும் மாணவனும் ஒளிப்படத்தைக் கண்டவுடன் ஐயம் நீங்கிவிடுதல் இயல்பு. கண்ணாற் கண்டதற்கு மேலும் ஒரு சான்று வேண்டுமோ என்று அவன் எண்ணுகின்றான். ஆனால் ஒளிப்படம் கண் அன்று. ஒளி எங்கே சென்றதோ அங்கே மட்டுமே அது சென்றது. ஒளி நுழையாத இடத்தைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

கைத்தொழிற் புரட்சி தோற்றுவித்த நிலக்காட்சியை, அதாவது புகைபோக்கிகளும் ஊதுலைகளும் சுரங்கக் கோபுரங்களும் நிறைந்த வெளியை, இயற்கையொளியிற் படம்பிடித்தோரது வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும். அவ்வரலாறு முழுவதையும் எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பகலொளி ஆலையின் எப்பகுதியைக் காட்டிற்று, எப்பகுதியைக் காட்டாது விடுத்தது என்னும் ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜேர்மனி என்னும் மூன்று நாடுகளினின்றும் சில சான்றுகளை ஆராய்வாம்.

ஒளிப்படக்கலை உலகறிய வெளிப்பட்ட ஆண்டு 1839. பிரான்சு தேசத்து டகேர் என்பாரது முறை அவ்வாண்டிலே பாரிசு நகரில் வெளியிடப்பெற்றது. 1851இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடறிக் ஸ்கொற் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அஃது உலருமுன் கமராவில் இட்டுப் படமெடுத்து, உடனே அதனை உருத்துலக்கல் வேண்டும். ஆதலாற் படமெடுப்போர் தம் இருட்டறையையும் கூடாரமாகவோ வண்டியாகவோ உடன்கொண்டு செல்ல வேண்டியவராயினர்.

அத்தகடு நீலக் கதிர்களுக்கும் ஊதாக் கதிர்களுக்குமே பெரிதும் உணர்வுடையது; சிவப்பு அதற்கு இருளே. இதனால் விளைந்தவை மூன்று. முதலாவது, நீலவானும் வெண்முகிலும் ஒன்றுபோல வெளுத்துப் படத்தின் மேற்பாதி வெற்றிடமாயிற்று. ஆலையின் மெல்லிய புகையும் அவ்வெண்மையிற் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. இரண்டாவது, செங்கற் சுவரும் துருவேறிய இரும்பும் உள்ளதினும் கருமையாகத் தோன்றின. மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. கூரையும் சுவரும் சூழ்ந்த ஆலையினுள்ளே படமெடுத்தல் மிக அரிதாயிற்று. உலையின் செந்தீ மனிதர் கண்ணைக் கூசச் செய்யினும் தகட்டிற்கு அஃது ஒளியே அன்று. நெடுநேரம் தகட்டைத் திறந்துவைப்பின், அசைந்து தொழில் செய்வோர் உருவழிந்து மறைவர். எனவே கமரா ஆலைவாயிலுக்கு வெளியே நின்றது. அது தன் விருப்பத்தால் நின்றதன்று; இரசாயனம் அதனை அங்கே நிறுத்திற்று.

இவ்விதிக்கு விலக்காய் அமைந்த இடங்களை நோக்கின் விதியின் வலிமை மேலும் விளங்கும். இலண்டன் ஹைட் பூங்காவில் 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுந்த பளிங்கு மாளிகை, பின்னர்ப் பிரிக்கப்பட்டுச் சிடனம் என்னும் இடத்தில் 1852 முதல் 1854 வரை பெரிதாக மீளக் கட்டப்பட்டது. அவ்வேலையின் படிமுறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்தவர் பிலிப் ஹென்றி டெலமொற். இரும்புத் தூண்கள் எழுவதும், வளைவுகள் பொருந்துவதும், கண்ணாடி வேயப்படுவதும் அவர் படங்களில் முறையே காணப்படுகின்றன. அவற்றில் தொழிலாளரும் காணப்படுகின்றனர். காரணம் வெளிப்படை. அந்த மாளிகையின் சுவரும் கூரையும் கண்ணாடி. அதன் அகமும் புறமும் ஒரே ஒளியில் நின்றன. எனினும் அங்கும் அவர்கள் கமராவிற்காக வேலையை நிறுத்தி அசையாது நின்றே படத்தில் இடம்பெற்றனர். 1853 ஓகஸ்ட் மாதத்தில் அம்மாளிகையிற் சாரம் சரிந்து 12 தொழிலாளர் உயிரிழந்தனர். டெலமொற்றின் படங்களிற் காணப்படும் ஒழுங்கும் அமைதியும் அவ்வேலையின் முழுக்கதை அல்ல என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதியது.

மற்றொரு விலக்குக் கப்பல் கட்டும் தளம். அங்கே வேலை திறந்த வெளியில் நிகழ்ந்தது. 1857 நவம்பரில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மில்வோலில், 692 அடி நீளமுள்ள 'கிறேற் ஈஸ்ரேண்' என்னும் கப்பலை நீரில் இறக்க முயன்றுகொண்டிருந்தனர். அதனை அமைத்த பொறியியலாளர் புறூணலை, இறக்குதற்குப் பயன்பட்ட மாபெரும் சங்கிலிகளின் முன்னே நிறுத்தி றொபேட் ஹௌலெற் எடுத்த படம் உலகப்புகழ் பெற்றது. பெருமக்களைத் தூணும் திரைச்சீலையும் அமைந்த படமாடத்தில் நிறுத்திப் படமெடுத்தல் அக்கால வழக்கு. ஹௌலெற்றின் படத்திலோ திரைச்சீலை இருக்கவேண்டிய இடத்தில் இரும்புச் சங்கிலி தொங்குகின்றது. புறூணலின் காற்சட்டையிலும் காலணியிலும் சேறு படிந்துள்ளது. பொறியியலாளரது புகழுக்குப் பகலொளி நல்ல சான்றாயிற்று. ஆனால் அச்சங்கிலிகளை வார்த்தவரும் இழுத்தவரும் அப்படத்தில் இல்லை.

பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் ஒளிப்பட இரசாயனம் பெரிதும் வளர்ந்தது. 1871இல் றிச்சட் லீச் மடொக்ஸ் ஜெலற்றின் உலர்தகட்டு முறையைக் கூறினார்; கூடாரமும் வண்டியும் தேவையற்றுப் போயின. 1873இல் ஜேர்மானியரான ஹேர்மன் வோகல், சாயங்களைச் சேர்ப்பதாற் பச்சை முதலிய நிறங்களுக்கும் தகட்டை உணர்வுறச் செய்யலாம் எனக் கண்டார். 1906இல் எல்லா நிறங்களுக்கும் உணர்வுடைய தகடுகள் விற்பனைக்கு வந்தன. வெற்றிடமாயிருந்த வானம் இப்பொழுது படத்தினுள் வந்தது. முகிலும் புகையும் உருப்பெற்றன. அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரீக்ளிற்ஸ் 1902இல் எடுத்த 'மனிதன் கை' என்னும் படத்தில், கரும்புகை கக்கி வரும் புகைவண்டி இயந்திரமும் மின்னும் தண்டவாளங்களுமே பொருள். மலையும் அருவியும் பெற்றிருந்த அழகென்னும் தகுதியைப் புகையும் இரும்பும் பெறத் தொடங்கியமைக்கு அஃது ஒரு நல்ல உதாரணம்.

எனினும் ஆலையின் உள்ளிடம் இருளாகவே இருந்தது. 1927, 1928ஆம் ஆண்டுகளிற் கிளீவ்லாந்து நகரத்து ஓட்டிஸ் உருக்காலையினுட் சென்ற மாகிறற் பேர்க்-வைற், உருகிய உருக்கின் செவ்வொளி தம் படச்சுருளிற் பதியாமை கண்டு, மக்னீசிய வாணங்களைக் கொளுத்தி அவ்வொளியிற் படமெடுத்தார். உள்ளே செல்லவேண்டின் ஒளியையும் கையிற் கொண்டு செல்லவேண்டும் என்பதனை இது காட்டுகின்றது. இயற்கையொளியை நம்பியோர் புறத்தே நின்றனர்.

அவ்வாறு புறத்தே நின்றோருள் ஒருவர் சாள்ஸ் ஷீலர். 1927இல், மிச்சிக்கன் மாநிலத்து டியர்போண் நகரில் ஹென்றி போர்ட் அமைத்த றிவர் றூஜ் தொழிற்சாலையைப் படமெடுக்கும்படி விளம்பர நிறுவனமொன்றின் வாயிலாக அவர் அமர்த்தப்பட்டார். ஆறு கிழமைகள் தங்கி அவர் ஆக்கியளித்தவை 32 படங்கள். அவற்றுள் மிகப் பெயர்பெற்றது, நிலக்கரி முதலியவற்றைக் கொண்டுசெல்லும் இரு பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்ல, அவற்றின் பின்னே மின்வலு நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் படமாகும். தேவாலய முகப்பை நோக்குவார்போல அப்படத்தை நோக்குதல் கூடும். கோடுகளின் அமைப்பு அத்துணை நிறைவுடையது. அக்காலத்தில் அங்கே வேலைசெய்தோர் 75,000 அளவினர். அப்படத்திலோ மனித உருவம் ஒன்றைக் காண்டல் அரிது.

ஐந்தாண்டுகள் கழிந்தன. பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டியது. 1932 மார்ச் 7ஆந் தேதி, வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் டிற்றோயிற் நகரிலிருந்து அதே தொழிற்சாலையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். பொலிசாரும் நிறுவனத்துக் காவலாளரும் சுட்டதில் நால்வர் மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். ஷீலரின் படத்தைப் பொய் என்று கூறல் பொருந்தாது. அப்படத்திலுள்ள பாதைகளும் புகைபோக்கிகளும் அங்கே இருந்தனவே. ஆனால் அவ்விடத்தின் வரலாற்றை அப்படத்தால் மட்டும் அறியப் புகுவோன், 1932இல் நிகழ்ந்ததற்கு ஒரு குறிப்பும் அதிற் பெறான்.

இக்குறையை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர் ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்ட்டோல்ட் பிரெக்ட். எஸ்ஸன் நகரத்துக் குறுப் ஆலையை உள்ளவாறே படமெடுத்தாலும் அந்நிறுவனம் எத்தகையது என்பதனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் விளங்காது என்பது அவர் கருத்து. மனித உறவுகள் ஆலைச் சுவரினுள் மறைந்துவிட்டமையால், சுவரைப் படமெடுப்பது உறவைப் படமெடுப்பதாகாது என்றார். வால்ற்றர் பென்யமின் 1931இல் ஒளிப்பட வரலாறு பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இக்கருத்தை எடுத்தாண்டமையால் அது பெரிதும் பரவியது.

பிரெக்ட் குறித்த அதே எஸ்ஸன் நகரிலே அப்பொழுது வாழ்ந்தவர் அல்பேட் றெங்கர்-பாட்ஸ். பொருள்களின் அழகைத் துல்லியமாகக் காட்டுபவர் என 1928இல் வெளிவந்த நூலொன்றாற் புகழும் பழிப்பும் ஒருங்கே எய்தியவர் அவர். ஆனால் அவர் 1920களின் பிற்பகுதி முதல் 1930களின் நடுப்பகுதி வரை றூர்ப் பிரதேசத்தில் எடுத்த நிலக்காட்சிப் படங்கள் வேறொரு தன்மையின. அவற்றிற் சுரங்கக் கோபுரம் படத்தின் நடுவிலே பெருமிதத்தோடு நிற்பதில்லை. தொலைவிலே மங்கலாகத் தோன்றும். முன்புறத்தில் இலையுதிர்ந்த மரங்களும், சேறு படிந்த பாதையும், தொழிலாளர் பயிரிடும் சிறு காய்கறித் தோட்டங்களும், குடியிருப்புகளின் பின்சுவர்களும் இருக்கும். ஞாயிறு தோன்றாத வானம். நிழல் விழாத நிலம். நாட்டுப்புறம் எங்கே முடிந்து நகரம் எங்கே தொடங்குகின்றது என வரையறுக்க இயலாத அவ்வெளியை அந்த மங்கிய ஒளி உள்ளவாறு காட்டிற்று. ஆலைச் சுவரினுள்ளே அவரும் நம்மை அழைத்துச் செல்லவில்லை. ஆனால் அச்சுவரின் நிழலில் வாழ்ந்தோர் எதனைப் பயிரிட்டனர், எவ்வழியே நடந்தனர் என்பதனை அவர் காட்டினார். பிரெக்டின் வினாவுக்கு அஃது ஒரு பாதி விடையாயினும் ஆகும்.

இனி இங்கிலாந்துக்கு மீள்வாம். அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ஜறோ நகரம் பாமர் கப்பல் தளத்தையே நம்பி வாழ்ந்தது. 1930களின் முற்பகுதியில் அத்தளம் மூடப்பட்டது. 1936 ஒக்டோபரில் அந்நகரத்தவர் 200 பேரளவில் வேலை வேண்டி இலண்டனுக்கு நடந்தே சென்றனர். மறுவருடம் அப்பகுதிக்குச் சென்ற பில் பிறான்ட் என்னும் ஒளிப்படக் கலைஞர் எடுத்த படமொன்றில், ஒருவன் நிலக்கரி மூட்டையைத் துவிச்சக்கர வண்டியிற் சார்த்தி, குனிந்து தள்ளிக்கொண்டு வீடு செல்கின்றான். கழிவு மேடுகளிலே கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த மூட்டை அது. வானம் மங்கியுள்ளது, நிலம் கருமையாயுள்ளது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். வேலை இருந்த காலத்தில் தொழிலாளி சுவரினுள்ளேயோ நிலத்தின் கீழோ இருந்தான்; பகலொளியை நம்பிய கமரா அவனைக் காணவில்லை. வேலை போன பின்னரே அவன் வெளியே வந்தான். அப்பொழுதே கமரா அவனைக் கண்டது. டியர்போண் வீதியிலும் ஜறோவின் பாதையிலும் பகலொளியில் நிற்பவர் வேலையற்ற தொழிலாளரே. உழைப்பைக் காட்டாத ஒளி வறுமையைக் காட்டிற்று. இவ்வேறுபாட்டை உணராதவன், அக்காலத் தொழிலாளரது வாழ்க்கையை அவர்தம் துன்ப நாட்களை மட்டுமே கொண்டு மதிப்பிட்டு, அவரது திறமையையும் தொழிலறிவையும் மறந்துவிடுவான்.

இரண்டாம் உலகப்போரின் பின் றூர்ப் பிரதேசம் மீண்டும் செழித்தது. ஆனால் 1958 முதல் அங்கே நிலக்கரித் தொழில் நெருக்கடியுட்பட்டது. எண்ணெயும் அயல்நாட்டுக் கரியும் மலிவாயின. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1961ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில், பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் தலைமையமைச்சரான வில்லி பிறான்ட், றூரின் வானம் மீண்டும் நீலமாதல் வேண்டும் என்று கோரினார். அக்கோரிக்கையில் ஒளிப்பட வரலாற்றுக்கும் ஒரு செய்தி உண்டு. அப்பிரதேசத்தின் மங்கிய வானம் முழுவதும் இயற்கையின் ஆக்கம் அன்று. அதிற் பாதி ஆலைகளின் புகை. இயற்கையொளி என நாம் கூறுவதும் அங்கே ஓரளவு மனிதன் செய்ததே.

இக்காலத்திலேதான் பேர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் இணையர் தம் பணியைத் தொடங்கினர். பேர்ன்ட் 1931இற் சீகன் நகரிற் பிறந்தவர். இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர் அது. ஹில்லா 1934இற் பொற்ஸ்டாமிற் பிறந்து ஒளிப்படப் பயிற்சியை முறையாகப் பெற்றவர். தம்மூர்ப் பகுதியிலிருந்த சுரங்கமொன்றைப் பேர்ன்ட் முதலில் ஓவியமாக வரைய முயன்றார். அவர் வரைந்து முடிக்குமுன்னே அதனை இடித்து அகற்றத் தொடங்கிவிட்டனர். கை பின்தங்கியமையாற் கமராவை எடுத்தார். 1959இல் இருவரும் இணைந்து பணிசெய்யத் தொடங்கினர், 1961இல் மணம்புரிந்தனர். பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஊதுலை, சுரங்கக் கோபுரம், நீர்த்தாங்கி, வாயுத்தாங்கி, சுண்ணாம்புக் காளவாய் முதலியவற்றை ஜேர்மனி, பிரான்சு, பெல்ஜியம், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் படமெடுத்தனர்.

அவர்தம் முறை கண்டிப்பானது. பெரிய தகட்டுக் கமராவைத் தாங்கியில் நிறுத்துவர். நிலத்தில் நின்று அண்ணாந்து நோக்காது, ஏணியோ மேடையோ அயற் கட்டடமோ கிடைப்பின் அதன்மீதேறிப் பொருளின் நடுவுயரத்திலிருந்து நேரே நோக்குவர். அதனால் நெடுங்கோடுகள் ஒன்றையொன்று சாயாது நிற்கும். வெயில் எறிக்கும் நாளை விலக்கி, முகில் மூடிய நாளையே தேர்வர். வெயிலில் ஒரு தூணின் நிழல் மற்றொரு தூணின்மேல் விழுந்து அமைப்பை மறைக்கும். நீலவானும் முகிற்கூட்டமும் பார்ப்போன் மனத்தை ஈர்க்கும். முகில் மூடிய வானோ நாற்புறமும் ஒளியைப் பரப்பி ஒவ்வோர் உறுப்பையும் தெளிவாகக் காட்டும். பின்புறம் வெள்ளைத் தாள்போல அமையும். பழைய கொலோடியன் தகட்டில் இயலாமையால் வந்த வெற்று வானத்தை, நூறாண்டுகள் கழிந்தபின் இவ்விணையர் வேண்டியே தேடினர். ஒரே இனப் பொருள்களின் படங்களை ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும் வரிசையிற் சேர்த்து வைக்கும் முறைக்கு, ஒளியும் நிலையும் எல்லாவற்றினும் ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது.

பெக்கரின் படங்களிலும் மனிதர் இல்லையே என வினவலாம். உண்மை, பிரெக்டின் குற்றச்சாட்டு இவர்மேலும் செல்லும். ஆனால் வரிசை முறை அதற்கு ஒருவாறு விடை கூறுகின்றது. சுரங்கக் கோபுரத்தின் படங்களை அடுத்தடுத்து நோக்குவோன், அதன் சாய்ந்த கால்கள் ஒரு பக்கமாகவே நீளுதலைக் காண்பான். சுமை தூக்கும் இயந்திரம் கயிற்றை எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கமே கால் சாயும். இன்றேற் கோபுரம் கவிழும். எனவே வடிவத்தினின்று வேலையை அறிதல் கூடும். பென்சில்வேனியா மாநிலத்தில் 1970களில் அவர்கள் எடுத்த படங்கள் இன்னும் ஒருபடி மேற்சென்றன. பெருநிறுவனங்கள் கைவிட்ட நிலத்தில் சிறுகுழுவினராய்க் கரி தோண்டியோர் தாமே மரத்தாற் கட்டிய கரியிறக்கு மேடைகள் அவை. கிடைத்த பலகை, வளைந்த கம்பம், ஒட்டுப்போட்ட கூரை. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அங்கே தொழிலாளியின் முகம் தோன்றாவிடினும் அவன் கைவண்ணம் ஒவ்வோர் ஆணியிலும் தோன்றுகின்றது.

இத்தகைய படங்களால் நேர்ந்த பயன் கலையுலகோடு அமையவில்லை. டோர்ட்முன்ட் நகரத்துச் சொல்லேர்ன் சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பாலும் வண்ணக் கண்ணாடியாலும் அமைந்த அதன் இயந்திரசாலையை இடிக்க எண்ணினர். அதனைக் காக்க வேண்டுமென எழுந்த குரல்களுட் பெக்கர் இணையரின் குரலும் ஒன்று. 1969இல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று. இன்று கைத்தொழில் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. கோயிலும் கோட்டையும் மட்டுமன்றி ஆலையும் வரலாற்றுச் சின்னமாகும் என்னும் எண்ணம் ஜேர்மனியில் வேரூன்றியதற்கு அஃது ஒரு தொடக்கம். 1986இல் மூடப்பட்ட எஸ்ஸன் நகரத்துச் சொல்வெரைன் சுரங்கம் 2001இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரத்துப் புறொஸ்பர்-ஹனியேல் சுரங்கம் மூடப்பட, றூரின் நிலக்கரித் தொழில் முற்றாக நின்றது. வானம் நீலமாயிற்று, அதன் கீழே நின்றவற்றுட் பல இன்று படத்திலேயே உள்ளன.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? இயற்கையொளி நடுநிலையான சான்றன்று; அது தான் சென்ற இடத்திற்கே சாட்சி. ஆலையின் புறத்தை அது மிக நன்றாகக் காட்டிற்று. அகத்தே நிகழ்ந்த உழைப்பையும், கூலிக் கணக்கையும், விபத்தையும், போராட்டத்தையும் வேறு சான்றுகளிலேயே தேடல் வேண்டும். அதனால் ஒளிப்படத்தை ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. ஊதுலை இடிந்தபின் அதன் உருவைக் காட்ட ஒளிப்படத்தை விட நம்பத்தக்கது பிறிதில்லை. வரலாறு பயிலும் மாணவர் ஒரு பழைய படத்தைக் கையில் எடுக்குங்கால், அஃது எவ்வொளியில் எடுக்கப்பட்டது, எடுத்தவர் எங்கே நின்றார், அவ்வேளையில் அங்கே இருந்தும் படத்தில் இல்லாதவர் யாவர் என மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவாராக. மூன்றாவது வினாவுக்கு விடை தேடத் தொடங்குமிடத்திலேதான் படம் பார்த்தல் முடிந்து வரலாற்றாராய்ச்சி தொடங்குகின்றது.